தானே மங்கும் பின்நோக்குக் கண்ணாடி: அணைப்பதற்கு முன் அறிய வேண்டியவை

கடன் பெற்றுக் கார் வாங்கும் வாடிக்கையாளர்களுள் பலர் இப்போது உயர் ரக மாடல்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். அந்த மாடல்களோடு வரும் வசதிகளுள் ஒன்று, இரவில் தானே மங்கிக்கொள்ளும் பின்நோக்குக் கண்ணாடி. விற்பனையாளர் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும் வசதி இது. வாங்கிய சில வாரங்களில், 'இதை அணைத்து வைப்பது எப்படி?' என்ற கேள்வி எழுகிறது. இரவில் பின்னால் வருவது சரியாகத் தெரியவில்லை என்பர் சிலர். பட்டப்பகலிலும் கண்ணாடி இருண்டு கிடக்கிறது என்பர் வேறு சிலர்.

செய்முறை எளியது. பெரும்பாலான கார்களில் இக்கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு சிறு பொத்தானும், அதன் அருகே ஒரு பச்சை விளக்கும் இருக்கும். விளக்கு எரிந்தால் வசதி இயங்குகிறது என்று பொருள். பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும்; மங்குதல் நிற்கும். சில மாடல்களில் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பொத்தான் இல்லாத கார்களில் நடுத்திரையின் அமைப்புகளுக்குள் சென்று தேட வேண்டும். ஓட்டுநர் அணைப்பதற்கு வழியே வைக்காத மாடல்களும் உண்டு. காருடன் தரப்படும் கையேட்டில் கண்ணாடிகளைப் பற்றிய பகுதியைப் பார்த்தால் நம் கார் எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பல கார்களில் இஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கும்போது இவ்வசதி தானாகவே உயிர்பெற்றுவிடும். நேற்று அணைத்தது இன்று எரிகிறதே என்று பணிமனைக்கு ஓட வேண்டியதில்லை.

எப்படி அணைப்பது என்பது இவ்வளவே. அணைக்கலாமா, அணைத்தால் எதை இழக்கிறோம் என்பவையே நாம் நின்று ஆராய வேண்டியவை. அதற்கு இந்தக் கண்ணாடிக்குள் நடப்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நலம்.

பழைய கார்களிலும், இன்றைய தொடக்க நிலை மாடல்களிலும் உள்ள பின்நோக்குக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நெம்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்போம். அக்கண்ணாடி ஆப்பு வடிவில் அமைந்தது. அதன் முன்பரப்பும் பின்பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இரா. பகலில் ரசம் பூசிய பின்பரப்பு காட்டும் தெளிவான உருவத்தை நாம் காண்கிறோம். இரவில் நெம்பைத் தள்ளினால் அந்தப் பிரகாசமான உருவம் காரின் கூரையை நோக்கித் திரும்பிவிடும். ரசம் பூசாத முன்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டுமே நம் கண்ணுக்கு வரும். அது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம்தான். மின்சாரம் வேண்டாம், பழுதாக ஒன்றுமில்லை. நம் கருத்தில், கார்த் தொழில் கண்ட அழகான எளிய உத்திகளுள் இது ஒன்று.

இதைத் தானியங்கியாக்கும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1959ஆம் ஆண்டிலேயே ஒளியுணரி பொருத்திய கண்ணாடியை வழங்கியது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜென்டெக்ஸ், 1974இல் புகை உணரும் கருவிகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். அது 1982இல் மோட்டாரால் தானே சாயும் கண்ணாடியை வெளியிட்டது. 1987இல் எதையும் சாய்க்காமல் கண்ணாடியையே கருமையாக்கும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் காணும் தானியங்கிக் கண்ணாடிகள் இந்த இரண்டாம் முறையைப் பின்பற்றுபவை.

இதில் இரு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு வேதிப்பொருள் ஜெல் வடிவில் அடைக்கப்பட்டிருக்கிறது. தகடுகளின் உட்புறத்தில் மின்சாரம் பாயக்கூடிய, ஒளி ஊடுருவும் பூச்சு உண்டு. மிகச் சிறிய மின்னழுத்தம் கொடுத்தால் ஜெல் நிறம் மாறிக் கருமை கொள்ளும். மின்னழுத்தத்தை விலக்கினால் மெல்லத் தெளியும். கருமையாக ஆகும் நேரத்தைவிடத் தெளிவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். இந்தத் தாமதம் சிறியதாயினும் முக்கியமானது. பின்னர் இதற்கு வருவோம்.

மின்சாரம் இல்லையேல் கண்ணாடி தெளிவாகவே நிற்கும். எனவே பொத்தானை அணைப்பது என்பது மின்னழுத்தத்தை நிறுத்துவதுதான். கண்ணாடி முழுப் பிரகாசத்துடன் இருக்கும். கவனிக்க வேண்டியது இதுதான்: தானியங்கிக் கண்ணாடியில் பெரும்பாலும் அந்தப் பழைய நெம்பு கிடையாது. நெம்பு உள்ள காரில் தானியங்கி என்ற பேச்சே இல்லை. ஓட்டுநர் வேண்டும்போது தள்ளிக்கொள்கிறார். தானியங்கிக் கண்ணாடியை இரவில் அணைத்துவிட்டால், பின்னால் வரும் லாரி ஹை பீமை எரியவிட்டபடி நெருங்கும்போது தடுப்பதற்கு எதுவும் இல்லை. கண்ணாடியையே வேறு பக்கம் திருப்பி வைக்கலாம். ஆனால் அப்போது பின்னால் வருவதே தெரியாது. சில கார்களில் ஓட்டுநர் பக்கத்து வெளிக்கண்ணாடியும் இவ்வாறே மங்கக்கூடியது. அது உள்கண்ணாடியின் கட்டளைப்படி நடப்பதால், ஒன்றை அணைத்தால் இரண்டும் அணைந்துவிடும்.

கூச்சம் என்பது வெறும் எரிச்சல் அன்று. வலுவான ஒளி கண்ணில் பட்ட பிறகு, முன்னால் இருக்கும் இருண்ட சாலை மீண்டும் தெரியச் சில நொடிகள் ஆகும். அதை 3 நொடி என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. 3 நொடியில் 66 மீட்டர்! விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் கரும்பு டிராக்டரோ, குறுக்கே வரும் மாடோ அந்த 66 மீட்டருக்குள் இருக்கலாம். வயது ஏற ஏறக் கூச்சத்திலிருந்து கண் மீள ஆகும் நேரமும் ஏறுகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறுவதால் தொல்லை இரட்டிப்பாகும். ஓய்வுபெற்ற பின் சொந்தக் கார் வாங்கி ஊர் ஊராகச் சுற்றும் மூத்த வாடிக்கையாளர்கள், எந்த வசதியை அணைத்தாலும் இரவில் இதை அணைக்க வேண்டாம் என்பது நம் துணிபு.

இருமுகம் நோக்கும் கண்ணாடி

பட்டப்பகலிலும் கண்ணாடி இருள்கிறது என்போரின் சிக்கல் வேறு. அதைப் பொத்தானால் தீர்ப்பது, காய்ச்சலுக்கு வெப்பமானியை ஒளித்து வைப்பதைப் போன்றது.

இக்கண்ணாடிக்கு இரு கண்கள் உண்டு. ஒன்று ஓட்டுநரை நோக்கிய பக்கத்தில் இருந்து, பின்னால் வரும் வண்டிகளின் ஒளியை அளக்கிறது. மற்றொன்று கண்ணாடியின் முதுகில் இருந்து, முகப்புக் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கிறது. வெளியே பகலா இரவா என்று சொல்வது இந்த முதுகுக் கண்தான். வெளியே இருட்டு, பின்னால் மட்டும் வெளிச்சம் என்று இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் கண்ணாடி மங்கும். பகலில் பின்னால் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் முன்னாலும் வெளிச்சம் இருப்பதால் அது மங்காது.

இப்போது முதுகுக் கண்ணை ஏதோ ஒன்று மறைத்துவிட்டதாகக் கொள்வோம். அதற்கு எந்நேரமும் நள்ளிரவுதான். பின்னால் இருந்து வரும் சாதாரணப் பகல் வெளிச்சமே லாரி விளக்காகத் தோன்றும். கண்ணாடி பகலிலும் இருளும். மாலையில் தெருவிளக்குகளுக்கு நடுவே செல்லும்போதும் இருளும். மறைப்பது எது என்று தேடினால், பல வேளைகளில் அது நாமே வைத்த பொருளாக இருக்கும். முகப்புக் கண்ணாடியில் பொருத்திய டேஷ் கேமரா, கண்ணாடியின் கழுத்தில் தொங்கவிட்ட மணிமாலை அல்லது பொம்மை, வாகன நிறுத்துமிட அனுமதி ஒட்டி, அல்லது வங்கிகளாகிய நாமே வழங்கும் ஃபாஸ்டேக்!

ஃபாஸ்டேக்கை முகப்புக் கண்ணாடியின் உட்புறம், பின்நோக்குக் கண்ணாடிக்குப் பின்னே நடுவில் ஒட்டுவதே வழக்கம். சுங்கச்சாவடியின் கருவி தடையின்றிப் படிப்பதற்கு ஏற்ற இடம் அது. 2017 டிசம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்கள் ஃபாஸ்டேக் ஒட்டப்பட்டே வருகின்றன. அதை ஒட்டும் விற்பனையகப் பணியாளர், கண்ணாடியின் முதுகில் ஒரு சிறு கண் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே காரைப் பெற்றுக்கொள்ளும் நாளில், சாவியை வாங்குவதற்கு முன் வெளியே நின்று முகப்புக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பின்நோக்குக் கண்ணாடியின் முதுகில் உள்ள சிறு துளை அல்லது வில்லை நமக்கு நேராகத் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே ஒட்டியது மறைக்கிறது என்றால் அதைப் பிய்த்தெடுத்து இரண்டு அங்குலம் தள்ளி ஒட்டலாம் என்று யாரும் முயல வேண்டாம். பிய்த்தால் பயனற்றுப் போகும்படியே ஃபாஸ்டேக் செய்யப்பட்டிருக்கிறது. ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு சாவடியில் காட்டுவதும் கூடாது; அப்படிப்பட்டவை கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படும். வழங்கிய வங்கியில் மாற்று ஃபாஸ்டேக் கேட்டுப் பெற்று, கார்க் கையேடு சுட்டும் இடத்தில் புதிதாக ஒட்டுவதே முறை. ஒரு வாகனத்திற்கு ஒரே ஃபாஸ்டேக் என்ற விதிக்குப் பின், வங்கி மாறியவர்கள் பலர் பழையதை அகற்றாமல் அதன் பக்கத்திலேயே புதியதை ஒட்டியிருக்கின்றனர். செயலிழந்த பழைய ஒட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டாலே கண்ணாடி சரியாகிவிடக்கூடும்.

கண்ணாடி சரியாக வேலை செய்கிறதா என்பதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். பகலில் காரை நிறுத்தி, சாவியைத் திருப்பி மின்னிணைப்பு மட்டும் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரியட்டும். முதுகில் உள்ள உணரியைக் கறுப்புத் துணியால் மூடி, ஓட்டுநர் பக்கத்து உணரியின் மீது கைபேசியின் டார்ச்சை அடிக்க வேண்டும். சில நொடிகளில் கண்ணாடி நீலமோ பச்சையோ கலந்த கருமை கொள்ளும். துணியையும் ஒளியையும் எடுத்தால் மெல்லத் தெளியும். அசையாமல் அப்படியே இருந்தாலும், திட்டுத்திட்டாக மட்டும் கருத்தாலும் கண்ணாடியில் பழுது. ஒழுங்காகக் கருத்துத் தெளிந்தால் குறை சாலையில் தெரியும் ஒளியிலோ மறைப்பிலோ இருக்கிறது. பணிமனைச் செலவு மிச்சம்.

அணைப்பது தகும் வேளைகள்

இனி, இரவில் தெரியவில்லை என்போரின் குறை. அது பொய்யன்று. கருமையான கண்ணாடி, லாரியின் ஒளியை எத்தனை மடங்கு குறைக்கிறதோ அத்தனை மடங்கு மிதிவண்டியின் ஒளியையும் குறைக்கும். வேண்டாத ஒளி எது, வேண்டிய ஒளி எது என்று அதற்குத் தெரியாது. நம் நாட்டுச் சாலைகளில் பின்விளக்கோ முன்விளக்கோ இல்லாத வண்டிகள் எண்ணற்றவை என்பதால் இந்தக் குறை இங்கே பெரிதாகத் தெரிகிறது.

ஆயினும் லாரி நம்மை ஒட்டி வந்துகொண்டிருக்கும்போது அணைத்து என்ன பயன்? அதன் ஒளி வெள்ளத்தில் பக்கத்து இருசக்கர வண்டி எப்படியும் மறைந்துதான் போகும். அப்போது உதவுவது வெளிக்கண்ணாடிகளும், தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும்தான். அணைப்பதால் உண்மையான பயன் கிடைப்பது, ஒளி வந்து வந்து மறையும் இடங்களில். மும்பை–புனே விரைவுச்சாலையில் கண்டாலா மலைப்பகுதியை எண்ணிப் பார்க்கலாம். வளைவுக்கு வளைவு பின்வண்டியின் விளக்கு கண்ணாடியில் பாய்ந்து மறைகிறது, இடையிடையே சுரங்கப்பாதைகள். விளக்கு பட்டவுடன் கண்ணாடி கருக்கிறது. வளைவு திரும்பி விளக்கு மறைந்த பின்னும் சில நொடிகள் கருமையாகவே நிற்கிறது. நாம் முன்னர்க் குறிப்பிட்ட தாமதம் இதுதான். பின்னால் யாரும் இல்லையா, விளக்கில்லாத வண்டி இருக்கிறதா என்று அறிய வேண்டிய அந்த நொடிகளில் கண்ணாடி வாய் திறப்பதில்லை. இத்தகைய மலைச்சாலையை மெதுவாகக் கடக்கும்போது அணைத்து வைத்து, சமவெளிக்கு வந்ததும் மீண்டும் இயக்குவது நியாயமே.

நீண்ட சுரங்கப்பாதைகளிலும் இப்படியே. இமாச்சலப் பிரதேசத்தில் 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. நண்பகலில் அதற்குள் நுழைந்தாலும் முதுகுக் கண்ணுக்கு வெளிச்சம் குறைவாகத் தெரிவதால் பின்வண்டிகளின் விளக்குக்குக் கண்ணாடி மங்கும். அது கோளாறு அன்று. செய்ய வேண்டியதையே செய்கிறது. கண் கூசாத அளவுக்கு விளக்கொளி இருந்தால் விரும்புவோர் அணைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சுற்றுச்சரிவுகளில் ஏறி இறங்கும்போதும் அவ்வாறே. பின்னோக்கிச் செல்ல ரிவர்ஸ் கியர் போட்டால் கண்ணாடி தானே தெளிந்துவிடும். அதற்காகப் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. இவற்றில் எதுவாயினும், ஓடும்போது கீழ்விளிம்பைத் தடவிக்கொண்டிருக்காமல் புறப்படுவதற்கு முன்போ ஓரிடத்தில் நிறுத்தியோ அழுத்துவதே சரி.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் ஆலோசனை கூறுவர். அதே ஃபியூஸில் வேறு சில கருவிகளும் இணைந்திருக்கலாம். உத்தரவாதச் சிக்கலும் எழும். அணைக்க வழியே இல்லாத மாடலில் நிரந்தரமாக நிறுத்த விரும்புவோர் ஓட்டுநர் பக்கத்து உணரியின் மீது சிறு கறுப்பு டேப் ஒட்டினால் போதும். பின்னால் ஒளியே இல்லை என்று அது எண்ணி, மங்காமல் இருக்கும். முதுகுப் பக்கம் ஒட்டினால் நேர்மாறாக எந்நேரமும் இருளும். டேப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது ஃபியூஸை எடுப்பதைவிட இதில் உள்ள நன்மை.

துடைப்பதிலும் கவனம் தேவை. துப்புரவு நீரைக் கண்ணாடியின் மீது நேரே தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி மின்னமைப்பைக் கெடுக்கும். துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் உள்ளிருக்கும் திரவம் கசியக்கூடும். அது தோலையும் கண்ணையும் உறுத்தும். இருக்கைத் தோலிலும் பிளாஸ்டிக்கிலும் கறை படியும். பட்ட இடத்தை உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாற்றுக் கண்ணாடியின் விலை, நெம்பு வைத்த கண்ணாடியின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். காப்பீடு இருக்கிறதே என்போர் இரண்டைக் கருத வேண்டும். சாதாரண மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்கே பொருந்தும். ஜெல் மஞ்சளித்துப் போவது, உணரி வேலை செய்யாமல் போவது போன்ற தேய்மானமும் மின்பழுதும் அதில் சேரா. அவற்றை நிறுவன உத்தரவாதக் காலத்துக்குள் காட்டிவிட வேண்டும். விபத்தில் உடைந்தாலும், அதற்காக மட்டும் இழப்பீடு கோருவது இலாபமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். 1500 சிசி வரையுள்ள கார்களில் முதல் 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்ட கார்களில் முதல் 2,000 ரூபாயும் நம் பொறுப்பு. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை உயர்கிறது. சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியம் 16,000 ரூபாய் எனில், 50 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் மிச்சமாகிறது. தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பை வாங்காதவர், ஒரு கண்ணாடிக்காக இழப்பீடு பெற்றால் அடுத்த ஆண்டு அதை முழுவதும் இழந்து மீண்டும் 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும்.

நெம்பு வைத்த மாடலை வாங்கிவிட்டு, தானியங்கிக் கண்ணாடியை வெளிக்கடையில் பொருத்திக்கொள்வோரும் உள்ளனர். பின்னால் பொருத்திய மின்கருவியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்து, அதன் மதிப்பைக் காப்பீட்டுப் பத்திரத்தில் தனியே சேர்த்து, அதற்குரிய சிறு கூடுதல் பிரீமியத்தையும் செலுத்தியிருந்தால்தான் அதற்கு இழப்பீடு கிடைக்கும். பொருத்திய கடையின் ரசீதைப் பத்திரத்துடன் சேர்த்து வைத்துக்கொள்க.